ஏழு கோட்டும் ஒரு சதுரமும்

வேலை முடிந்த பிறகு கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருப்பது எல்லாருக்கும் வாய்க்கிற வரம் இல்லை. தையல்காரிக்கு அது துளியும் வாய்க்கவில்லை. அன்று காலை ஒன்பதரை மணிக்கு அவள் தானாகப் போய்த் தேடிக்கொண்ட வினைக்கு வேறு காரணம் கிடையாது.

ஏழு சிவப்புக் கோட்டுகள் கம்பியில் வரிசையாகத் தொங்கின. கோட்டுக்கு ஆறு தங்க நிறப் பட்டன். மார்பில் ஒரு வட்டத் துணி வில்லை, அதில் அவரவர் வாத்தியம் மஞ்சள் நூலில் பூவேலையாக. டிரம்பெட், சாக்ஸபோன், கிளாரினெட், புல்லாங்குழல், வெண்கலத் தட்டு, சின்ன டிரம், பெரிய டிரம். வில்லை ஏழும் நாத்தனாரின் கைவண்ணம். சாக்ஸபோன் மட்டும் கொஞ்சம் கெண்டி மாதிரி வந்துவிட்டது. அதை யாரும் அவளிடம் சொல்லக்கூடாது என்று வீட்டில் ஒரு எழுதாத சட்டம் இருந்தது.

மாலை ஐந்து மணிக்குப் பேண்ட் மாஸ்டர் தன் ஆட்களோடு வருவார். இங்கேயே கோட்டை மாட்டிக்கொண்டு, இரண்டு தெரு தள்ளிக் கட்டியிருக்கும் புது நூலகத்தின் திறப்பு விழாவுக்கு ஆறு மணிக்கு வாசிக்கப் போவார்கள். பேண்ட் ஊர் ஊராகச் சுற்றுகிற கூட்டம். போட்டுப் பார்க்க ஆள் வராது, அளவுச் சீட்டு மட்டும்தான் வந்தது. மாஸ்டர் போனில் பேசினதும் அளவுச் சீட்டு மாதிரிதான் இருந்தது. "சரியா இருந்தா இனிமே வருஷா வருஷம் உங்ககிட்டதான். இல்லைன்னா பழைய இடம்."

பழைய இடம் என்றால் தையல்காரி பதினோரு வருஷம் மிஷின் மிதித்த கடை. மூன்று மாதம் முன்பு, துணி மேல் பரப்பி வெட்டுகிற வெட்டுக் காகிதத்தைக் கம்ப்யூட்டரிலேயே வரையலாம், அளவை மாற்றினால் படம் தானாக மாறும் என்று அவள் சொன்னதற்கு முதலாளி கடை அதிரச் சிரித்தார். அவள் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு, "இனி இந்தக் கடை வாசப்படியை மிதிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு வந்தாள். அவர் விடுகிற ஆளா? "மூணு மாசத்துல திரும்பி வருவா. பட்டனுக்குக் காஜா எடுக்கற ஸ்டூலைக் காலியாவே போட்டு வச்சிருக்கேன்" என்று ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தார். மூன்று மாதம் முடிய இன்னும் நாலு நாள். இந்த ஏழு கோட்டும் தேறினால் இவள் முதலாளி. தேறாவிட்டால் அந்த ஸ்டூல். நடுவில் வேறு நாற்காலி இல்லை.

கம்ப்யூட்டர் கொழுந்தன் கொடுத்தது. அவனுடைய ஆபீசில் தூக்கிப் போட்ட பழைய பெட்டி. புதிதாக எதைப் போட்டாலும் மூச்சு வாங்குகிறது என்று அதில் லினக்ஸ் என்கிற இயங்குதளத்தைப் போட்டுக் கொடுத்தான். "காசே கிடையாது அண்ணி. இது யாருக்கும் சொந்தமில்லை, அதனால எல்லாருக்கும் சொந்தம்" என்றான்.

"தெருக்குழாய் மாதிரியா?" என்று கேட்டாள் அவன் தங்கை, அதாவது நம் நாத்தனார்.

"ஆமா. ஆனா இதுல தண்ணி வரலைன்னா ராத்திரி பகல் எந்நேரமும் கேட்கலாம். உதவிக் குழுன்னு ஒண்ணு இருக்கு. யாருக்கும் சம்பளம் கிடையாது, எல்லாரும் சும்மாவே வந்து சொல்லித் தருவாங்க."

"சும்மாவேவா? ஏன், வீட்ல வேலை இல்லையா அவங்களுக்கு?"

கொழுந்தன், திரையில் லினக்ஸ் கேட்கிற கேள்விக்கெல்லாம் படிக்காமலே சரி, சரி, சரி என்று தட்டிக்கொண்டிருந்தான். கல்யாண வீட்டில் தலையாட்டுகிற மாப்பிள்ளை கூட அத்தனை தடவை ஆட்டியிருக்க மாட்டான். தட்டி முடித்து, உதவிக் குழுவில் அண்ணிக்கு 'நூல்கண்டு' என்று ஒரு பெயரும் வைத்துவிட்டு வெளியூர் வேலைக்குப் போய்விட்டான்.

மூன்று மாதமாக அதில் வரைந்து பழகினாள்; வாடிக்கையாளருக்கென்று வெட்டியது இந்த ஏழு கோட்டுதான். எல்லாம் நன்றாகத்தான் ஓடியது. அளவைத் தட்டினால் கோட்டின் துண்டுகள் திரையில் வந்தன. பிரிண்டரில் போட்டால் பக்கம் பக்கமாக வந்தன. பக்கங்களை ஒட்டினால் வெட்டுக் காகிதம். ஒரே ஒரு நெருடல். ஒவ்வொரு தாளிலும் மேலும் கீழும் விரல்கடை அகலம் வெள்ளையாக விட்டுவிட்டு அச்சடித்தது. அந்த வெள்ளையைக் கத்தரித்துவிட்டு ஒட்ட வேண்டியிருந்தது. பெரிய கஷ்டம் ஒன்றுமில்லை. ஆனால் பல்லிடுக்கில் மாட்டின நார் பெரிய கஷ்டமா என்ன? நாக்கு போய்க்கொண்டேதான் இருக்கும்.

அன்று காலை கடைசிப் பட்டனையும் தைத்து நூலைப் பல்லால் கடித்தாள். மணி ஒன்பதரை. ஐந்து மணி வரை வேலை இல்லை. நாக்கு நாருக்குப் போய்விட்டது.

"அந்த வெள்ளைப் பட்டை ஏன் வருதுன்னு குழுவுல கேட்கப் போறேன்" என்றாள்.

நாத்தனார் இஸ்திரிப் பெட்டியைக் கீழே வைத்தாள். "எதுக்கு அண்ணி? சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. கோட்டுதான் தைச்சாச்சே, பட்டை இருந்தா என்ன, போனா என்ன?"

"ஒரு கேள்விதானே. கேட்டா தலையையா வாங்கிடுவாங்க?"

எழுதிப் போட்டாள். 'வணக்கம். பிரிண்டர் எல்லாத் தாளிலும் மேலேயும் கீழேயும் வெள்ளையாக இடம் விடுகிறது. மற்றபடி சுகம். நூல்கண்டு.'

இரண்டு நிமிடத்தில் முதல் பதில் வந்தது. எழுதியவர் பெயர் திருகாணி. 'நீங்க போட்டிருக்கற லினக்ஸே சரியில்லைங்க. அதை அழிச்சுட்டு நான் சொல்றதைப் போடுங்க.'

அடுத்த நிமிடமே இன்னொருவர். பெயர் கொசுவலை. 'ஒரு வெள்ளைப் பட்டைக்கு வீட்டையே இடிக்கச் சொல்றீங்களே, நல்லா இருக்கா? அதுவும் நீங்க சொல்றதை மனுஷன் போடுவானா?'

திருகாணி அதற்கு ஒன்று சொன்னார். கொசுவலை இரண்டு சொன்னார். திருகாணி, ஏழு வருஷம் முன்பு கொசுவலை வேறொரு இடத்தில் சொன்ன தப்பான பதில் ஒன்றைத் தேடி எடுத்து வந்து நடுவீதியில் போட்டார். கொசுவலை, திருகாணிக்கு எழுத்துப் பிழை இல்லாமல் ஒரு வரி எழுத வருமா என்று கேட்டார். கால் மணி நேரத்தில் பதினெட்டுப் பதில். பிரிண்டர் என்ற சொல் அதில் ஒன்றில் கூட இல்லை. நாத்தனார் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கன்னத்தில் கை வைத்துப் படித்தாள்.

"காசில்லாமலே இவ்வளவு சண்டை போடறாங்களே, சம்பளம் குடுத்தா என்ன ஆகும்?"

பத்தொன்பதாவதாக வந்தது ஓட்டைக்குடை. அதுவும் ஒரு பெயர்தான். 'ரெண்டு பேரும் கொஞ்சம் தள்ளி நின்னு அடிச்சுக்கங்க. நூல்கண்டு அவர்களே, என்ன அச்சடிக்கறீங்க?'

தையல்காரி சொன்னாள்.

'வெட்டுக் காகிதமா? அப்ப முதல் பக்கத்து மூலையில ஒரு சதுரம் வருமே. பத்துக்குப் பத்து சென்டிமீட்டர். அதை அளந்து சொல்லுங்க. நான் ஒரு கடவாய்ப் பல்லைப் புடுங்கிட்டு வந்துடறேன்.'

"யார் பல்லை?" என்று பதறினாள் நாத்தனார்.

"பல் டாக்டரா இருப்பாரு."

"இல்லைன்னா?"

அந்தக் கேள்வியை அப்படியே விட்டுவிட்டுச் சதுரத்துக்கு வருவோம். சதுரத்தைத் தையல்காரி பார்க்காமல் இல்லை. ஒவ்வொரு வெட்டுக் காகிதத்திலும் வந்தது. அவள் அதைக் கம்பெனி முத்திரை என்று நினைத்தாள். பதினோரு வருஷமாக முதலாளி கையால் வரைந்த காகிதத்தில் சதுரம் என்று ஒன்றைக் கண்டதில்லை. கையால் வரைகிறவன் அளந்து வரைகிறான். வரைந்ததை எதற்கு மறுபடி அளப்பான்? அந்தக் கடையில் துணியை அளப்பார்கள், ஆளை அளப்பார்கள், நூல்கண்டின் மிச்சத்தைக்கூட அளப்பார்கள். காகிதத்தை அளந்தால் முதலாளியைச் சந்தேகப்பட்ட மாதிரி. காகிதம் கடவுள் வாக்கு. அந்தப் பழக்கத்தை மட்டும் இவள் வாசப்படி தாண்டும்போது மறக்காமல் மடியில் கட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

ஆகவே சதுரங்களை என்ன செய்தாள் என்றால், நல்ல கனமான தாளாக இருக்கிறதே என்று கத்தரித்து, டீ டம்ளருக்கு அடியில் வைத்தாள்.

இப்போது நாத்தனாரின் டம்ளரைத் தூக்கி ஒன்றை எடுத்தாள். நடுவில் டீ வட்டம். கழுத்தில் கிடந்த டேப்பை உருவி வைத்தாள். ஒன்பது. ஒன்பதுக்கு மேல் நாலு கோடு. அவ்வளவுதான், அதற்கு மேல் சதுரம் இல்லை.

திருப்பி வைத்து அளந்தாள். ஒன்பது புள்ளி நாலு. இன்னொரு டம்ளரைத் தூக்கினாள். ஒன்பது புள்ளி நாலு.

"டீ பட்டுச் சுருங்கியிருக்குமோ?" என்றாள் நாத்தனார். நல்ல பெண், நம்பிக்கையை அவ்வளவு சீக்கிரம் விட மாட்டாள்.

டீ படாத ஒன்றைத் தேடி எடுத்தார்கள். அதுவும் ஒன்பது புள்ளி நாலு. தையல்காரி எழுந்து போய், பெரிய டிரம்காரரின் கோட்டைக் கம்பியிலிருந்து எடுத்து மேஜையில் விரித்து மார்புச் சுற்றை அளந்தாள். சீட்டில் இருந்தது நூற்று இருபத்து நாலு. கோட்டில் இருந்தது நூற்றுப் பதினாறு. வெட்டும்போதே தோள் கொஞ்சம் ஒடுக்கமாக இருக்கிறதே என்று கண் சொல்லத்தான் செய்தது. கம்ப்யூட்டருக்குத் தெரியாதா உனக்குத் தெரியுமா என்று கண்ணை அடக்கினவளும் அவள்தான்.

திரையில் ஓட்டைக்குடை திரும்பி வந்திருந்தார். பல் வந்துவிட்டதாம். சதுரத்தின் அளவைக் கேட்டதும் குஷியாகிவிட்டார்.

'நினைச்சேன்! சின்னப் பிரச்சினைதாங்க. லினக்ஸ் போடும்போது தாள் என்ன அளவுன்னு ஒரு கேள்வி வரும். யாரோ படிக்காம சரின்னு தட்டியிருக்காங்க. உங்க தாள் ஏ-ஃபோர், நீளம் இருபத்தொன்பது புள்ளி ஏழு. அது லெட்டர்னு இன்னொரு தாளை நினைச்சுக்கிட்டிருக்கு, அது இருபத்தெட்டுதான். பெரிய படத்தைச் சின்னத் தாள்ல அடக்கணும்னு ஒவ்வொரு பக்கத்தையும் நூத்துக்குத் தொண்ணூத்து நாலாச் சுருக்கி அடிக்குது. அந்த வெள்ளைப் பட்டை அதுதான். ரெண்டே நிமிஷத்துல சரி பண்ணிடலாம்.'

தையல்காரி தட்டினாள். 'ரொம்ப நன்றிங்க. பிரச்சினை சின்னதுதான். ஆனா இதை வச்சு ஏழு கோட்டு தைச்சு முடிச்சாச்சு. இப்ப அதுவும் சின்னதுதான். சாயங்காலம் அஞ்சு மணிக்கு வாங்க வராங்க.'

திருகாணி எழுதினார்: 'ஐயோ.' கொசுவலை எழுதினார்: 'ஐயய்யோ.' அந்த இரண்டு பேரும் ஒத்துப்போனது சரித்திரத்தில் அதுதான் முதல் தடவை.

தையல்காரி தரையில் உட்கார்ந்துவிட்டாள். முதலாளி கடையின் காஜா ஸ்டூல் கண் முன்னால் வந்து நின்றது. அதில் ஒரு கால் குட்டை, உட்கார்ந்தால் ஆடும். இனி மிச்ச வாழ்நாள் முழுக்க ஆடிக்கொண்டே காஜா எடுக்க வேண்டியதுதான். அழுகை வந்தது. கூடவே கொழுந்தன் மேல் கோபமும் வந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் வந்ததால் விக்கல் வந்தது.

"அண்ணி, பேண்ட் ஆளுங்களை மூச்சை உள்ளே இழுத்துக்கச் சொல்லலாமா? வயிறு ஒட்டிக்கும்."

"ஊதறவங்கம்மா! மூச்சை இழுத்துக்கிட்டா எதை ஊதுவாங்க?"

"டிரம் அடிக்கறவங்க இழுத்துக்கலாமே."

"பேசாம இரு."

ஒன்றும் செய்யத் தோன்றாமல் தையல்காரி அடுத்த கோட்டை எடுத்து அளந்தாள். எல்லாம் எவ்வளவு கெட்டிருக்கிறது என்று பார்க்கிற வயிற்றெரிச்சல்தான், வேறில்லை. சாக்ஸபோன் கோட்டு. நூற்றுப் பதினாறு இருக்க வேண்டியது நூற்று ஒன்பது இருந்தது.

நூற்று ஒன்பது.

தையல்காரர்களுக்கு எண் என்றால் எண் இல்லை, ஆள். மற்றவர்களுக்கு நூற்று ஒன்பது என்றால் நூற்றுக்கு மேல் ஒன்பது. இவளுக்கு நூற்று ஒன்பது என்றால் டிரம்பெட்காரர். சீட்டை நாற்பது தடவை பார்த்து ஏழு பேரையும் முகம் பார்க்காமலே மனப்பாடம் செய்திருந்தாள். டிரம்பெட் கோட்டை இழுத்து அளந்தாள். நூற்று மூன்று. நூற்று மூன்று என்றால் கிளாரினெட், அதாவது பேண்ட் மாஸ்டர். மாஸ்டர் கோட்டு தொண்ணூற்றேழு. தொண்ணூற்றேழு சின்ன டிரம்! சின்ன டிரம் கோட்டு தட்டுக்காரருக்கு, தட்டுக்காரர் கோட்டு புல்லாங்குழலுக்கு...

தையல்காரி சிரிக்க ஆரம்பித்தாள். விக்கலோடு சிரித்தால் எப்படி இருக்கும் என்று கேட்காதீர்கள். நாத்தனார் சொம்புத் தண்ணீரைக் கொண்டு வந்து, குடிக்கக் கொடுப்பதா தலையில் ஊற்றுவதா என்று தெரியாமல் நின்றாள்.

"ஒவ்வொருத்தர் கோட்டும் அடுத்த ஆளுக்குச் சரியா இருக்கும்மா! எல்லாரையும் ஒரு படி இறக்கிட்டா போதும்!"

நாத்தனார் விரல் விட்டு எண்ணினாள். "அப்ப பெரிய டிரம்முக்கு?"

"அது ஒண்ணைத்தான் புதுசாத் தைக்கணும்."

"வாத்திய வில்லை?"

"பிரிச்சு மாத்து. உன் வேலை அது."

"துணி?"

அந்தக் கேள்விக்கு மட்டும் தையல்காரி சட்டென்று நின்றாள். துணி. ஏழு கோட்டுக்கென்று வாங்கின துணியில் எதிர்பார்த்ததைவிட நிறைய மிஞ்சியிருந்தது. ஆகா, எப்பேர்ப்பட்ட சிக்கனக்காரி நான் என்று போன வாரம் கண்ணாடி முன்னால் தன்னைத்தானே மெச்சிக்கொண்டிருந்தாள். சிக்கனமாவது மண்ணாங்கட்டியாவது, ஒவ்வொரு கோட்டும் சுருங்கினதால் மிஞ்சின துணி அது. ஏழு கோட்டில் திருடினது ஒரு கோட்டாகச் சேர்ந்திருந்தது.

"மிச்சத் துணி எங்கே?"

நாத்தனார் சுவரைப் பார்த்தாள். பிறகு கூரையைப் பார்த்தாள். "எனக்குப் பாவாடைக்குன்னு எடுத்து வச்சிருந்தேன்."

"வெட்டிட்டியா?"

"நாளைக்கு வெட்டலாம்னு..."

தையல்காரி அவளைக் கட்டிப்பிடித்துக் கன்னத்தில் முத்தம் கொடுத்தாள். கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் நாத்தனாரின் சோம்பலுக்குக் கிடைத்த முதல் மரியாதை.

பிறகு அந்தக் குழுவைப் பார்க்க வேண்டுமே! விஷயத்தைச் சொன்னதும் திருவிழாவே வந்துவிட்டது. ஓட்டைக்குடை அளவெல்லாம் வாங்கி, வகுத்துப் பெருக்கி, எந்தக் கோட்டு எந்த உடம்புக்கு என்று ஒரு பட்டியல் போட்டார். கொசுவலை அதைச் சரிபார்த்து, டிரம்பெட்காரர் உயரமானவர், கை நீளம் இரண்டு சென்டிமீட்டர் குறையும் என்று கண்டுபிடித்தார். திருகாணி, டிரம்பெட் வாசிக்கிறவர் எப்போதும் கையை மடக்கித்தானே வைத்திருப்பார், யாருக்குத் தெரியும் என்றார். கைதட்டும்போது தெரியுமே என்றார் கொசுவலை. டிரம்பெட்டைக் கையில் வைத்துக்கொண்டு எப்படிய்யா கைதட்டுவான் என்றார் திருகாணி.

இனிப் பெரிய டிரம்மின் வெட்டுக் காகிதத்தைச் சரியான அளவில் எடுக்க வேண்டும். ஓட்டைக்குடை சொல்லச் சொல்ல, தையல்காரி அமைப்புப் பக்கத்தைத் திறந்தாள். லெட்டர் என்று இருந்த இடத்தில் ஏ-ஃபோரைத் தேர்ந்தெடுத்தாள். 'தாளுக்குள் அடக்கு' என்பதை எடுத்துவிட்டு, நூறு சதவீதம் என்று போட்டாள். அச்சடி என்று தட்டினாள். பிரிண்டர் ஒரு தடவை உறுமியது, அடங்கியது, ஆரஞ்சு விளக்கைச் சிமிட்டிக்கொண்டு நின்றது.

'விளக்கு சிமிட்டுதுங்க!' என்று எழுதினாள்.

ஓட்டைக்குடையைக் காணோம். அடுத்த நோயாளி வந்து வாயைத் திறந்து உட்கார்ந்துவிட்டாராம். பன்னிரண்டு மணி. ஐந்து நிமிடம் போயிற்று. ஆரஞ்சு விளக்கு சாவகாசமாகச் சிமிட்டியது. நாத்தனார் பிரிண்டரின் தலையில் ஒரு தட்டுத் தட்டினாள். நல்லவேளை, அதற்குக் கோபம் வரவில்லை.

அப்போது திருகாணியும் கொசுவலையும் ஒரே நேரத்தில், ஒரே வரியை எழுதினார்கள். 'தாள் வைக்கற தட்டுக்கும் அளவு உண்டு. பிரிண்டர்லயே அதையும் ஏ-ஃபோர்னு மாத்துங்க.' ஒன்றன் கீழ் ஒன்றாக அந்த இரண்டு வரியும் நின்றன. அதற்குப் பிறகு இரண்டு பேருக்கும் வெட்கமாகிவிட்டது போல.

மாற்றினாள். விளக்குப் பச்சையானது. முதல் பக்கம் ஓரம் வரை நிறைந்து வழுக்கிக்கொண்டு வந்தது. தாள் சூடாக இருக்கும்போதே டேப்பை வைத்தாள். பத்து. ஒரு கோடு கூடவும் இல்லை, குறையவும் இல்லை. 'பத்து!!!' என்று மூன்று ஆச்சரியக்குறி போட்டு எழுதினாள். வாழ்க்கையில் அவள் போட்ட முதல் ஆச்சரியக்குறிகள் அவை.

மிச்சக் கதையைத் தைக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டாம். இருபத்து நாலு பக்கம் ஒட்டி, துணியில் பரப்பி, மூச்சைப் பிடித்துக்கொண்டு வெட்டினாள். கழுத்துப் பட்டைக்குத் துணி போதவில்லை. பின்பக்கம் நடுவில் ஒட்டுப் போட்டாள். நாத்தனார் ஏழு வில்லையையும் பிரித்து வேறு வேறு மார்புக்கு மாற்றினாள். மத்தியானச் சாப்பாடு என்று ஒன்று இருப்பதே இரண்டு பேருக்கும் ஞாபகம் வரவில்லை. நாலே முக்காலுக்கு ஆறாவது பட்டன்.

புல்லாங்குழல்காரருக்கென்று தைத்த கோட்டு மட்டும் யாருக்கும் உதவாமல் மிஞ்சியது. ஏழையும் கம்பியில் மாட்டிவிட்டு நாத்தனார் அதை எடுத்துத் தனக்குப் போட்டுப் பார்த்தாள். அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது. கண்ணாடி முன்னால் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தவள், கதவு தட்டின சத்தம் கேட்டு ஓடிப் போய்த் திறந்தாள். கழற்ற மறந்துவிட்டாள்.

பேண்ட் மாஸ்டர் போனில் பேசின குரலுக்கு ஏற்ற மாதிரியே இருந்தார். நேரான முதுகு, சிரிக்காத மீசை. பின்னால் ஆறு பேர். ஆளுக்கொரு கோட்டை எடுத்து மாட்டினார்கள். தையல்காரி டேப்பின் இரண்டு நுனியையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். சாக்ஸபோனுக்குப் பட்டன் போட்டது. டிரம்பெட்டுக்குப் போட்டது, கை கொஞ்சம் ஏறித்தான் இருந்தது. தட்டுக்காரர் இரண்டு கையையும் விரித்துச் சேர்த்துப் பார்த்தார், தையல் பிரியவில்லை. மாஸ்டர் தோளை ஒரு தரம் குலுக்கிக்கொண்டார்.

பெரிய டிரம்காரர் கடைசியாகத் தயங்கித் தயங்கி வந்தார். கதவை அடைக்கிற உருவம், குழந்தைக் குரல். "எனக்கு முன்பக்கம் திறந்தே இருக்கட்டும்மா, பரவாயில்லை. எப்பவும் அப்படித்தான். டிரம் மறைச்சுடும்."

"போட்டுப் பாருங்கண்ணா."

மாட்டினார். முதல் பட்டனைப் பழக்கமில்லாத கையால் தேடிப் போட்டார். இரண்டாவது. மூன்றாவதில் நின்று, குனிந்து தன் வயிற்றைப் பார்த்தார். நாலு, ஐந்து, ஆறு. கையை வீசி, இல்லாத டிரம்மை ஓங்கி ஒரு அடி அடித்தார். உட்கார்ந்தார், எழுந்தார்.

"மாஸ்டர்," என்றார் மெதுவாக, "பட்டன் போடுது. இருபது வருஷத்துல முதல் தடவை பட்டன் போடுது. எல்லாக் கடையிலயும் நான் இளைச்சுடுவேங்கற நம்பிக்கையில சின்னதாத் தைச்சாங்க."

மாஸ்டர் அவரைச் சுற்றி ஒரு நடை நடந்தார். பிறகு டிரம்பெட்காரரின் கையைப் பார்த்தார். தன் தோளைத் தொட்டுப் பார்த்தார். கோட்டுகளை எண்ண ஆரம்பித்து, கதவோரம் நின்ற நாத்தனாரிடம் வந்து நின்றார்.

"நான் ஏழு கேட்டேன். இது எட்டாவது. பெரிய டிரம்காரருக்கு மட்டும் அச்சுல வார்த்த மாதிரி இருக்கு, எங்களுக்கெல்லாம் ஏதோ இருக்குன்னு இருக்கு. என்னம்மா விஷயம்?"

நாத்தனார் ஒவ்வொரு பட்டனாகக் கழற்ற ஆரம்பித்தாள். பொய் சொல்ல நல்ல சந்தர்ப்பம்தான். தையல்காரிக்கு இரண்டு பொய் வாய் வரைக்கும் வந்தது. ஆனால் காலையிலிருந்து முகம் தெரியாத மூன்று பேர், யாருடைய கோட்டுக்கோ, தங்கள் வேலையை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டுக்கொடுத்திருந்தார்கள். அந்தக் கணக்கின் மேல் போய் ஒரு பொய்யை உட்கார வைக்க அவளுக்கு மனசு வரவில்லை.

"அவர் போட்டிருக்கறது மட்டும்தாங்க அவருக்குன்னே தைச்சது" என்றாள். "மத்ததெல்லாம் உங்களுக்குத் தைச்சது இல்லை. பிரிண்டர் எல்லாத்தையும் சுருக்கிடுச்சு, நான் அளந்து பார்க்காம விட்டுட்டேன். தப்பு என்னோடதுதான். நீங்க போட்டிருக்கறது டிரம்பெட்காரருக்குத் தைச்சது."

"அவன் போட்டிருக்கறது?"

"சாக்ஸபோனோடது."

"சாக்ஸபோன்?"

"பெரிய டிரம்மோடது."

மாஸ்டர் நாத்தனாரைக் காட்டினார். "இது?"

"புல்லாங்குழலோடதுங்க."

"எப்பத் தெரிஞ்சது?"

"காலையில பத்து மணிக்கு. ஒரு பல் டாக்டர் கண்டுபிடிச்சார்."

"பல் டாக்டரா?"

"ஆமாங்க. பல்லைப் புடுங்கிட்டே சொன்னார்."

மாஸ்டரின் மீசை முதலில் ஒரு பக்கம் ஆடியது. பிறகு மறுபக்கம். பிறகு அடியோடு போய்விட்டார் மனுஷன்; சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, சத்தம் வராமல் சிரித்தார். என்ன ஏதென்று முழுக்கப் புரியாமலே மற்ற ஆறு பேரும் சிரித்தார்கள். பெரிய டிரம்காரர் ஆடி ஆடிச் சிரித்தார். ஆறு பட்டனும் அசையவில்லை. அதைத்தான் மாஸ்டர் பார்த்துக்கொண்டிருந்தார்.

சிரிப்பு அடங்கினதும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இன்னைக்கு இதையே போட்டு வாசிக்கறோம். ஆனா இது ஆகாதும்மா."

தையல்காரி தலையைக் குனிந்தாள்.

"இவன் மட்டும் பட்டன் போட்டுக்கிட்டுச் சுத்துவான், நாங்க ஆறு பேரும் அடுத்தவன் கோட்டுல நிக்கணுமா? எங்களுக்கும் எங்களுக்குன்னே தைச்சுக் குடுங்க. ஆறு பேரும் இங்கதான் இருக்கோம். சீட்டெல்லாம் வேண்டாம். எடுங்க அளவை."

"இப்பவா? ஆறு மணிக்கு விழா..."

"இன்னும் நாப்பது நிமிஷம் இருக்கு. என்னையே முதல்ல எடுங்க."

நாத்தனார் பென்சிலையும் நோட்டையும் எடுத்துக்கொண்டு, பாதி கழற்றின கோட்டோடு வந்து நின்றாள். தையல்காரி மாஸ்டரின் மார்பைச் சுற்றி டேப்பைக் கொண்டு வந்து, முன்னால் சேர்த்துப் பிடித்து எண்ணைப் பார்த்தாள். எண் கலங்கித் தெரிந்தது. புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மறுபடி ஒரு தடவை அளந்தாள்.